துப்பாக்கி லைசென்ஸ் எந்த ஊர்வரை செல்லும்?

(உதகை கலெக்டர் அலுவலகத்தின் ஆயுத உரிமப் பிரிவில் வேலை பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்று, இப்போது கோத்தகிரியில் வசிக்கும் அம்மையார் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். கேட்டவர்களின் பெயர்களை அவர்கள் விருப்பப்படி தவிர்த்திருக்கிறோம்.)

கேள்வி: அப்பா பெயரில் ஒரு டபுள் பேரல் துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸ் நடப்பில் உள்ளது. கேரளத்தில் சுல்தான் பத்தேரி பக்கம் மச்சானுக்குத் தோட்டம். அங்கே காட்டுப்பன்றியைச் சுட ஊராட்சியே உத்தரவு தருகிறதாம். "துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வா" என்று கூப்பிடுகிறார். போகலாமா அம்மா? (கூடலூர் வாசகர்)

போக வேண்டாம் தம்பி. ஒரே பயணத்தில் இரண்டு மூன்று சட்டத்தை உடைத்துவிடுவீர்கள்.

முதலில், துப்பாக்கி உங்களுடையது இல்லை. லைசென்ஸ் வீட்டுக்குக் கொடுப்பதல்ல, ஆளுக்குக் கொடுப்பது. லைசென்ஸ் இல்லாத ஒருவர் இன்னொருவருடைய துப்பாக்கியைத் தூக்கிச் செல்ல ஆயுதச் சட்டம் 1959, மூன்றாவது பிரிவில் ஒரு சின்ன வழி விட்டிருக்கிறது. பழுது பார்க்க, லைசென்ஸைப் புதுப்பிக்க, அல்லது உரிமதாரரே பயன்படுத்துவதற்காக, அவர் கூட இருக்கும்போதோ அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடோ கொண்டு போகலாம். மச்சான் தோட்டத்தில் பன்றி சுடுவது இந்த மூன்றில் எதிலும் வராது.

இரண்டாவது, அப்பாவே எடுத்துப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். எந்தப் பகுதிக்குள் இது செல்லும் என்று ஒரு கட்டம் இருக்கும். என் மேஜைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கியின் நம்பரை மனப்பாடமாகச் சொல்வார்கள், இந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். 'நீலகிரி மாவட்டம்' என்றிருந்தால் மேட்டுப்பாளையத்தில் கால் வைத்ததுமே அது வெறும் காகிதம். 'தமிழ்நாடு' என்றிருந்தால் பாட்டவயல் செக்போஸ்ட் வரை சரி, அதற்கு அந்தப் பக்கம் சரியில்லை. பக்கத்து மாநிலத்தையும் சேர்க்க வேண்டுமானால் காரணம் காட்டி மனுச் செய்ய வேண்டும். மச்சானுக்குத் தோட்டம் இருக்கிறது என்பதை ஒரு காரணமாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி பன்றிக்கு வருகிறேன். மச்சான் சொன்னது பொய்யில்லை. கேரள அரசு 2022 மே மாதம் ஊராட்சித் தலைவர்களுக்கும் நகராட்சித் தலைவர்களுக்கும் கௌரவ வன உயிரினக் காப்பாளர் அதிகாரம் கொடுத்தது. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அவர்கள் உத்தரவிடலாம். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பட்டியலில் சேர்த்து அவர்களைக் கொண்டு சுட வைக்கிறார்கள். விஷம், வெடி, மின்கம்பி கூடாது. இறைச்சியும் கிடைக்காது, புதைத்துவிட வேண்டும்.

நம் பக்கம் கதை வேறு. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஏற்பாடு காப்புக்காட்டு எல்லையிலிருந்து தூரத்தை அளக்கச் சொல்கிறது. ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடவே கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றைத் தாண்டினால்தான் சுடலாம், அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் மட்டும். விவசாயியிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே இதில் எழாது. ஓசூர் பக்கமோ சத்தியமங்கலத்தின் சமவெளியிலோ இருக்கும் விவசாயிக்கு இது ஓரளவு உதவலாம். சுற்றிலும் காடு சூழ்ந்த கூடலூரில் மூன்று கிலோமீட்டர் தள்ளி எந்த வயல் இருக்கிறது? எழுதியவர்கள் நம் தாலுகாவின் வரைபடத்தை விரித்துப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பன்றிக்கு எல்லைக்கோடு தெரியாது. தாளூரில் ஓடைக்கு இந்தப் பக்கம் மேய்ந்தால் ஒரு சட்டம், அந்தப் பக்கம் மேய்ந்தால் வேறு சட்டம். உங்கள் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஆத்திரத்தோடு துப்பாக்கியை ஜீப்பில் ஏற்றாதீர்கள்.

அப்பாவுக்கு 70 வயது ஆகிவிட்டதா, அல்லது துப்பாக்கியை வாங்கி 25 வருடம் ஆகிவிட்டதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் அவர் இருக்கும்போதே அதை வாரிசின் பெயருக்கு மாற்ற மனுச் செய்யலாம். 2016 ஆயுத விதிகளில் இது இருக்கிறது. பலர் அப்பா காலமான பிறகுதான் ஓடி வருகிறார்கள். அப்போது துப்பாக்கியை முதலில் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்துவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும். பரணில் போட்டு வைத்திருந்தோம் என்பது பதிலாகாது.

கேள்வி: புதிய லைசென்ஸுக்கு மனுப் போட்டேன். போலீஸ் விசாரணை, தாசில்தார் விசாரணை எல்லாம் முடிந்தது. "வனத்துறை சம்மதம் வரவில்லை" என்று காத்திருக்கச் சொல்கிறார்கள். குன்னூரில் என் நண்பருக்கு இப்படி யாரும் சொல்லவில்லையே? (மசினகுடி வாசகர்)

நண்பர் குடியிருக்கும் இடம் வேறு, நீங்கள் குடியிருக்கும் இடம் வேறு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, 34ஆம் பிரிவு: சரணாலயத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத உரிமம் கொடுப்பதானால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன்சம்மதம் வேண்டும். மசினகுடி முதுமலையை ஒட்டியே இருக்கிறது. கலெக்டரே நினைத்தாலும் இதைத் தாண்டி அவர் கையெழுத்துப் போட முடியாது. ஏற்கெனவே உரிமம் வைத்திருந்தவர்களும் அந்த வட்டத்துக்குள் வசித்தால், சரணாலயம் அறிவித்த மூன்று மாதத்துக்குள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.

ஆயுதச் சட்டத்தை மட்டும் படித்தவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். துப்பாக்கியைப் பற்றிய சட்டம் துப்பாக்கிச் சட்டத்தில் மட்டும் இல்லை. அதே வன உயிரினச் சட்டத்தின் 31ஆம் பிரிவையும் சொல்லிவிடுகிறேன். சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய எழுத்துமூலமான முன்அனுமதி வேண்டும். இதில் ஆயுதம் என்றால் துப்பாக்கி மட்டுமல்ல. கத்தி, வில் அம்பு, வலை, கண்ணி, விஷம் எல்லாமே அதன் விளக்கத்துக்குள் வருகின்றன. உதகையிலிருந்து மைசூருக்கு தெப்பக்காடு வழியாகக் காரில் போகிறவர் நெடுஞ்சாலையில்தானே போகிறேன் என்று டிக்கியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டால், கக்கநல்லா செக்போஸ்டில் பதில் சொல்ல வேண்டி வரும். அவருடைய லைசென்ஸ் முழு இந்தியாவுக்கும் செல்லும் என்றாலும் கூடத்தான். அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது காட்டுக்குள் போகும் அனுமதி ஆகாது.

கேள்வி: எங்கள் மருமகன் விராஜ்பேட்டைக்காரர், கொடவர். "எங்களுக்கு லைசென்ஸே வேண்டாம்" என்கிறார். சும்மா சொல்கிறாரா? இங்கே வரும்போது துப்பாக்கியைக் கொண்டு வரலாமா? (பந்தலூர் வாசகி)

சும்மா சொல்லவில்லை. கொடவர்களுக்கும், அவர்களுடைய கொடகு மாவட்டத்தில் ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. பிரிட்டிஷ் காலத்திலிருந்து வருவது. மத்திய அரசு 2019இல் இதை மேலும் பத்து வருடம், 2029 அக்டோபர் 31 வரை நீட்டியது. ஒரு சமூகத்துக்கு மட்டும் ஏன் என்று வழக்குப் போட்டார்கள், கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் விலக்கு செல்லும் என்று சொல்லிவிட்டது. கைல்பொள்து பண்டிகை அன்று அவர்கள் வீட்டில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பையன் பிறந்தால் ஒரு வெடி, சாவு விழுந்தால் இரண்டு வெடி என்பதும் அவர்கள் வழக்கம். அப்படிப்பட்டவர்களிடம் போய் படிவத்தை நிரப்பு என்று சொல்ல வெள்ளைக்காரனுக்கே மனம் வரவில்லை.

கொடகைவிட்டு வெளியே வந்தால் விலக்கு ஒரேயடியாகப் போய்விடாது, ஆனால் அளவு வந்துவிடும். வெளியே இருக்கும்போது ஒரு ரைஃபிளும் நூறு தோட்டாவும், ஒரு சாதாரணக் குழல் துப்பாக்கியும் ஐந்நூறு தோட்டாவும்தான் உச்சம். அவருக்கு விலக்கு உண்டு என்பதற்கான சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் செக்போஸ்டில் நிற்கும் காவலருக்கு இவர் கொடவர் என்று முகத்தைப் பார்த்தா தெரியும்?

ஆனாலும் கொண்டு வர வேண்டாம் என்றே சொல்வேன். குட்டா, தோல்பெட்டி வழியாக வந்தால் வயநாடு சரணாலயம், குண்டலுப்பேட்டை வழியாக வந்தால் பந்திப்பூர். மேலே மசினகுடிக்காரருக்குச் சொன்ன 31ஆம் பிரிவு இங்கேயும் நிற்கிறது. அப்புறம் இன்னொன்று: பொங்கலுக்கு வந்தவர் "அடுத்த மாதம் எடுத்துக்கொள்கிறேன்" என்று துப்பாக்கியை உங்கள் வீட்டில் விட்டுப் போனால், அன்றைக்கே உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பவர் நீங்கள்தான். விலக்கு மருமகனுக்கு, மாமியாருக்கு இல்லை.

கேள்வி: மகன் ஹெச்-1பி வேலை விசாவில் அமெரிக்காவில், பிலடெல்பியாவில் இருக்கிறான். கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாம் பிஸ்டல் வைத்திருக்கிறார்களாம். வாங்கலாமா என்று கேட்கிறான். ஆற்றைத் தாண்டி நியூஜெர்சிக்குள் போனால் மேகசினுக்காகவே பிடித்து உள்ளே போடுவார்கள் என்றும் சொல்கிறான். ஒரே நாட்டில் இப்படியெல்லாம் இருக்குமா? (குன்னூர் வாசகர்)

முதலில் விசாவைப் பற்றி. அமெரிக்க மத்திய சட்டப்படி, குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். ஹெச்-1பி அந்த வகைதான். சில விதிவிலக்குகள் உண்டு, அதில் எல்லோருக்கும் தெரிந்தது ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது. கூட வேலை பார்ப்பவர்கள் குடிமக்களாகவோ கிரீன் கார்டுக்காரர்களாகவோ இருப்பார்கள். அவர்கள் கணக்கு வேறு. துப்பாக்கிக் கடைக்காரன் என்ன சொன்னாலும், உங்கள் பையன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்காமல் கடைக்குள் நுழையக் கூடாது. வேலையும் விசாவும் ஒன்றாகப் போய்விடும்.

இனி மேகசின். தோட்டாக்களை அடுக்கி பிஸ்டலின் பிடிக்குள் செருகும் பெட்டி அது. அதில் எத்தனை தோட்டா பிடிக்கலாம் என்பதற்கு அந்த நாட்டில் இப்போது மத்திய சட்டம் எதுவும் இல்லை. 1994இல் பத்துக்கு மேல் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது, பத்து வருடம் ஓடி 2004இல் காலாவதி ஆயிற்று, யாரும் புதுப்பிக்கவில்லை. அன்றிலிருந்து அது மாநிலங்களின் விருப்பம்.

உங்கள் மகன் இருக்கும் பென்சில்வேனியாவையே எடுத்துக்கொள்ளுங்கள், சுற்றிப் பார்த்தால் போதும். பென்சில்வேனியாவில் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை. கிழக்கே டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் நியூஜெர்சி. அங்கே முன்பு பதினைந்து, 2018இலிருந்து பத்து. அதற்கு மேல் பிடிக்கும் மேகசின் காலியாக இருந்தாலும் வைத்திருப்பதே குற்றம். தெற்கே டெலவேர் மாநிலம், 2022இல் பதினேழு என்று வைத்தார்கள். மேரிலாந்தில் பத்துக்கு மேல் விற்கக் கூடாது, வாங்கக் கூடாது, ஆனால் கையில் இருப்பதை வைத்திருப்பதைத் தடுக்கவில்லை. வடக்கே நியூயார்க் மாநிலம் பத்து என்கிறது. அதே மாநிலத்துக்குள் நியூயார்க் நகரத்துக்குள் நுழைந்தால் ரைஃபிளுக்கு ஐந்துதான். மேற்கே ஒஹையோவில் மறுபடியும் வரம்பு இல்லை. ஒரு நாள் காரோட்டத்துக்குள் இத்தனையும்.

நியூயார்க் நகரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். மாநிலத்தின் வேறு மாவட்டத்தில் வாங்கிய கைத்துப்பாக்கி உரிமம் நகரத்துக்குள் செல்லாது, நகரக் காவல்துறை தனியாக அனுமதி தர வேண்டும். நம்மூரில் சென்னை போன்ற காவல் ஆணையர் உள்ள நகரங்களில் உரிமம் வழங்குவது ஆணையர், மற்ற இடங்களில் கலெக்டர் என்று இருப்பதைப் படிப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் நம்மூரில் அதிகாரிதான் மாறுவார், சட்டம் அதேதான். அங்கே சட்டமே மாறுகிறது.

எல்லா நகரமும் அப்படித் தனிச் சட்டம் போட முடியாது. பென்சில்வேனியா உட்படப் பெரும்பாலான மாநிலங்கள், துப்பாக்கி விஷயத்தில் நகராட்சிகள் கை வைக்கக் கூடாது என்று தடுத்து வைத்திருக்கின்றன. பிலடெல்பியா நகரசபை எத்தனையோ தடவை மோதிப் பார்த்தது, பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2024இலும் கதவைச் சாத்திவிட்டது. பல மாநிலங்களில் இந்தத் தடை வருவதற்கு முன்பு நடந்த கூத்து ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இல்லினாயில் மார்ட்டன் குரோவ் என்ற சிற்றூர் 1981இல் கைத்துப்பாக்கியே யாரும் வைத்திருக்கக் கூடாது என்று தடை போட்டது. ஜார்ஜியாவில் கெனசா என்ற ஊர் அதற்குப் போட்டியாக 1982இல் வீட்டுக்கு ஒரு துப்பாக்கி கட்டாயம் என்று தீர்மானம் போட்டது! வரிக்குக் கூட அவ்வளவு கட்டாயம் இருந்திருக்காது.

'பிடித்து உள்ளே போடுவார்கள்' என்று உங்கள் மகன் சொன்னது மிகையில்லை. 2013இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு பெண், பென்சில்வேனியா உரிமம் செல்லும் என்று நம்பி, நியூஜெர்சியில் காரை நிறுத்திய காவலரிடம் தானே "துப்பாக்கி இருக்கிறது" என்று சொன்னார். கைதானார். சிறையும் வழக்குமாக அலைந்து, 2015இல் ஆளுநர் மன்னிப்புக் கொடுத்த பிறகுதான் முடிந்தது. நேர்மையாகச் சொன்னது தப்பில்லை, பாலத்தைத் தாண்டியதுதான் வினை. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு நடுவிலுள்ள மாநிலம் வழியாகப் போகிறவர்களுக்கு 1986 சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கி சட்டப்படி செல்ல வேண்டும், தோட்டா ஏற்றாமல், கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்க வேண்டும். நியூஜெர்சிக்கே போகிறவருக்கு அது உதவாது.

இங்கே என்ன நிலை என்று அடுத்து கேட்பீர்கள். நம் ஆயுதச் சட்டம் மேகசினில் எத்தனை தோட்டா என்று மாநிலத்துக்கு மாநிலம் மாற்றுவதில்லை. விசையை அழுத்திப் பிடித்திருந்தால் மேகசின் காலியாகும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும் துப்பாக்கி தடை செய்யப்பட்டது, அவ்வளவுதான். மற்றபடி ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்பது லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். ஒருவருக்கு எத்தனை துப்பாக்கி என்பதற்கும் நாடு முழுக்க ஒரே விதிதான். 2019 திருத்தத்தில் மூன்றை இரண்டாகக் குறைத்தார்கள், லைசென்ஸ் காலத்தை மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக நீட்டினார்கள்.

கேள்வி: பேரனுக்கு ஏர்கன் வாங்கித் தரலாமா? லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்களே. (கோத்தகிரி வாசகர்)

4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ளதற்கு லைசென்ஸ் வேண்டாம். கொல்லைப்புறத்தில் தகரத்தைச் சுடலாம். கொண்டைக்குருவியைச் சுட்டால் வனத்துறை வரும், வர வேண்டும். லாங்வுட் சோலைப் பக்கம் அதைத் தூக்கிக்கொண்டு நடைபோகவும் விடாதீர்கள். என்னைக் கேட்டால் பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். விலையும் கிட்டத்தட்ட அதேதான்.

கேள்வி: நீலகிரிக்கு மட்டும் தனி வேட்டைச் சட்டம் இருந்ததாகத் தாத்தா சொல்வார். உண்மையா? (உதகை வாசகி)

உண்மை. 1877இல் இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் வேட்டை விலங்குகளும் மீன்களும் குறைந்துவிட்டன என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1879இல் சென்னை மாகாணம் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது. சுடக் கூடாத பருவம், வேட்டைக்குத் தனி லைசென்ஸ் எல்லாம் அதில் உண்டு. மலை இறங்கினால் சமவெளியில் அதே ஆள் அதே துப்பாக்கியை வைத்து வேறு விதியில் சுட்டிருக்கலாம். காட்டை நேசித்துச் செய்தார்கள் என்பதைவிட, தங்கள் விளையாட்டுக்கு இரை தீர்ந்துவிடக் கூடாது என்று செய்தார்கள் என்பதே என் எண்ணம். இருந்தாலும் வரையாட்டுக்கு அது நல்லதாகவே முடிந்தது. 1972 சட்டம் வேட்டையை இறுக்கியது, 1991 திருத்தத்தோடு வேட்டை லைசென்ஸே இல்லாமல் போனது. அந்தச் சங்கம் பெயரை மாற்றிக்கொண்டு வன உயிர், சுற்றுச்சூழல் சங்கமாக இன்றும் உதகையில் இருக்கிறது.

கேள்வி: தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். கர்நாடகத் தேர்தலுக்கு நாமும் ஒப்படைக்க வேண்டுமா? (தேவாலா வாசகர்)

வேண்டாம். தேர்தல் எங்கே நடக்கிறதோ அங்கேதான். 2023 மே மாதம் கர்நாடகத்தில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது, இங்கே யாரும் எதையும் ஒப்படைக்கவில்லை. ஆனால் உங்கள் லைசென்ஸ் கர்நாடகத்துக்கும் செல்லும் என்று அந்த நேரத்தில் குண்டலுப்பேட்டைக்குத் துப்பாக்கியோடு போனால், அங்கே ஆயுதம் எடுத்துச் செல்லத் தடை உத்தரவு இருக்கும், பிடிப்பார்கள்.

இங்கே தேர்தல் வரும்போது கூப்பிட்டால் நேரத்தில் போய் ஒப்படைத்துவிடுங்கள். வங்கிக் காவலர்கள், துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்கள் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு. தரும்போது ரசீது வாங்குங்கள். துப்பாக்கி எண்ணோடு தோட்டா எத்தனை என்றும் அதில் எழுதச் சொல்லுங்கள். முடிவு வந்து ஒரு வாரம் கழித்து ரசீதோடு போய் எண்ணிப் பார்த்துத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஈரமான அறையில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்திருக்கும், வீட்டுக்கு வந்ததும் குழலுக்குள் எண்ணெய் போட மறக்காதீர்கள்.